கருநாரையின் கழுத்து

இலையுதிர்காலத்தில் பறவை பார்க்கப் போகிறவர் முதலில் பழகிக்கொள்ள வேண்டியது, மூக்கு ஒழுகினாலும் உறிஞ்சாமல் நிற்பது. அந்தக் குளிர்காற்றில் எல்லோருக்கும்தான் ஒழுகும். ஆனால் கைக்குட்டையை எடுப்பதுகூட நாணலுக்குள் நிற்கும் பறவைக்குப் பெரிய அசைவு. எங்கள் சங்கத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் நான் இதைத்தான் சொல்வேன். பாதிப் பேர் அடுத்த வாரம் வரமாட்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

நீங்கள் எழுதிக்கொண்டே வாருங்கள். நான் நிதானமாகவே பேசுவேன். அடித்துத் திருத்தும் வேலை உங்களுக்கு இருக்காது. வயது எழுபத்தொன்று. தொழில், மரக்கடை. மூன்று வாரத்துக்கு முன்னால் சதுப்பு ஏரியில் பலகை மேடையிலிருந்து விழுந்து இறந்தாரே, அவர் என் சம்பந்தி. அவருடைய ஒரே மகள்தான் என் மருமகள். அது விபத்து என்று உங்கள் போலீஸ் அறிக்கை சொல்கிறது. அதில் ஒரு தவறு இருக்கிறது. அதைத் திருத்தத்தான் வந்தேன்.

சங்கத்தைத் தொடங்கியவர் என் அப்பா. மற்ற ஊர்களில் பந்துவிளையாட்டுப் பைத்தியம் பிடித்து அலைவார்கள். எங்கள் ஊருக்குப் பறவைப் பைத்தியம். கோடை முடிந்து இலைகள் பழுக்கத் தொடங்கியதும் வடக்கிலிருந்து பறவைகள் கூட்டம் கூட்டமாக ஏரிக்கு வந்து இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் டாக்டர், பேக்கரிக்காரர், பஸ் கண்டக்டர் எல்லோரும் கழுத்தில் பைனாகுலரோடு கரையில் நிற்பார்கள். பேக்கரி அன்று பத்து மணிக்குத்தான் திறக்கும். யாரும் குறை சொல்ல மாட்டார்கள், ரொட்டி வாங்க வேண்டியவர்களும் ஏரியில்தானே நிற்கிறார்கள்.

நாணலுக்கு நடுவே இருநூறு அடி நீளத்துக்குப் பலகைப் பாதை போட்டு, அதன் முனையில் மேடை கட்டிக் கொடுத்தவரும் அப்பாதான். எல்லாம் எங்கள் கடைத் தேக்கு. முன்பக்கத்தில் கைப்பிடி வைக்கவில்லை. கைப்பிடி இருந்தால் ஆட்கள் அதில் சாய்ந்துகொண்டு ஊர்க்கதை பேசுவார்கள் என்பது அப்பாவின் எண்ணம். மேடைக்குக் கீழே ஓடுவது பழைய படகுக் கால்வாய். தண்ணீர் பத்தடி இருக்கும். அதற்குக் கீழே சேறு எவ்வளவு என்று யாரும் அளந்ததில்லை.

அப்பா ஏற்படுத்திய விதி ஒன்றை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதன்படிதான் நடந்தது. யாராவது அபூர்வப் பறவை ஒன்றைப் பார்த்தால், தான் நின்ற இடத்தில் தன் பாதங்களைச் சுற்றி சாக்பீஸால் கோடு போட வேண்டும். பிறகு இரண்டாவது ஆள் வந்து, அந்தக் கோட்டுக்குள் தன் பாதங்களை வைத்து நின்று, பத்து நிமிடம் தனியாகப் பார்க்க வேண்டும். முதல் ஆள் நாற்பது அடி தள்ளிப் போய் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். முகம் தெரிந்தால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று முகமே சொல்லிக்கொடுத்துவிடும், அதற்காக. இரண்டு பேரும் பார்த்தால் அது பதிவுப் புத்தகத்தின் முன்பகுதியில் ஏறும். ஒருவர் மட்டும் பார்த்தது ‘தனிச் சாட்சி’ என்ற தலைப்பில் பின்பகுதியில் ஏறும். புத்தகத்தில் ஏறாத பறவை எங்கள் ஊருக்கு வராத பறவை.

அந்தப் புத்தகத்தின் முதல் பக்கத்தில், முதல் பதிவு, என் அப்பா பார்த்த கருநாரை. ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன், ஓர் இலையுதிர்காலக் காலையில். கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, சிவந்த அலகு, சிவந்த கால்கள். அதற்கு முன்னும் பின்னும் எங்கள் ஏரியில் யாரும் கருநாரையைப் பார்த்ததில்லை. இரண்டாவது சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பவன் நான். அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. சங்கத்தின் முத்திரையில் இருப்பது கருநாரை. எங்கள் கடைப் பெயர்ப்பலகையில் இருப்பதும் அதுதான். ஊரில் எங்களை ‘கருநாரை வீட்டுக்காரர்கள்’ என்பார்கள். பெண் கேட்டுப் போனபோதுகூட நாங்கள் அப்படித்தான் அறிமுகமானோம்.

சம்பந்தியை ஊரில் எல்லோரும் லேப்காரர் என்பார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். முடிவைச் சொல்லும்போது முகத்தில் ஒன்றும் தெரியாது. “சர்க்கரை இருக்கு” என்பதையும் “வெளியில மழை பெய்யுது” என்பதையும் ஒரே குரலில் சொல்வார். ஓய்வுபெற்றதும் சங்கத்தில் சேர்ந்தார். நான்தான் சேர்த்துவிட்டேன். இரண்டே வருடத்தில் அவரைப் பதிவு சரிபார்ப்பவராக ஆக்கினார்கள். என்னைவிடப் பத்து வயது இளையவர், என்னைவிடக் கூர்மையான கண். இதை நான் மறுக்கவில்லை.

போன வசந்தத்தில் சங்கம் அச்சுப் புத்தகம் ஒன்று போட முடிவு செய்தது. அதற்காக அவர் பழைய பதிவுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தார். மருமகள் அப்பாவைப் பார்த்த மகிழ்ச்சியில் காப்பி போடப் போனாள். அவர் உட்காரவில்லை.

“சம்பந்தி, ஒண்ணு கேக்கணும். உங்க அப்பா பார்த்தது பறந்துதா, நின்னுதா?”

“பறந்தது. பதிவிலேயே இருக்கிறதே.”

“இருக்கு. ‘கழுத்தை மடக்கிப் பறந்தது’ன்னு இருக்கு. கருநாரை கழுத்தை நீட்டிக்கிட்டுத்தான் பறக்கும். மடக்கிப் பறக்கறது கொக்கு ஜாதி.”

நான் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. நீங்க நிஜமாவே பார்த்தீங்களா?”

“என் கண்ணால் பார்த்தேன்.”

“கழுத்து?”

“மடங்கி இருந்தது.”

அவர் தலையாட்டினார். மருமகள் காப்பி கொண்டுவந்தாள். அவர் குடித்துவிட்டு, “சர்க்கரை ஒரு ஸ்பூன் ஜாஸ்திம்மா” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு சங்கக் கூட்டம். முப்பது பேர் இருந்தோம். அவர் எழுந்து, முதல் பக்கத்தைத் திறந்து, ரத்தச் சோதனை முடிவு படிக்கிற குரலில் படித்தார். இரண்டு சாட்சிகள் பார்த்ததாக எழுதியிருக்கும் பறவை கருநாரை அல்ல, சாம்பல் நிறக் கொக்கு வகையாக இருக்கலாம், வெளிச்சம் பின்னாலிருந்து வந்ததால் கறுப்பாகத் தெரிந்திருக்கும் என்றார். பிறகு சிவப்புப் பேனாவால் அடிக்கோலை வைத்து, என் அப்பாவின் பெயர் மேல் ஒரு கோடு இழுத்தார். கோணலாக இழுத்திருந்தால்கூட நான் மன்னித்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

அதோடு முடிந்திருக்கலாம். பேக்கரிக்காரர் வாயைத் திறந்தார். “அப்போ மரக்கடை போர்டுல இருக்கறதையும் கொக்குன்னு மாத்திடலாமா? பெயிண்ட் செலவு கம்மிதான், காலை மட்டும் மஞ்சளாக்கினா போதும்.”

எல்லோரும் சிரித்தார்கள். பல் டாக்டர் பல் தெரியச் சிரித்தார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மகனும் சிரித்தான். உடனே அதை இருமலாக மாற்றிக்கொண்டான். லேப்காரர் சிரிக்கவில்லை. அவர் புத்தகத்தில் மை காய்வதற்காக ஊதிக்கொண்டிருந்தார்.

நான் எழுந்து, நாற்காலியைச் சுவரோரம் திருப்பி வைத்துவிட்டு, எல்லோருக்கும் வணக்கம் சொல்லி வெளியே வந்தேன். வரும்போது வாசலில் மாட்டியிருந்த அப்பாவின் படத்தைப் பார்த்தேன். நாங்கள் குரலை உயர்த்துகிற குடும்பம் இல்லை. என் அப்பா வாழ்நாளில் ஒருவரைத் திட்டி நான் கேட்டதில்லை. மரம் திருடிய வேலையாளைக்கூடக் கூப்பிட்டு, இரண்டு நிமிடம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த ஆள் ஊரைவிட்டே போனான்.

ஏழு மாதம் காத்திருந்தேன். காத்திருப்பது கடினமாக இருந்ததா என்று கேட்டால், இல்லை. மரக்கடைக்காரனுக்குக் காத்திருக்கத் தெரியும். பச்சை மரத்தை அறுத்தால் முறுக்கிக்கொள்ளும். காயட்டும் என்று விட்டுவிட வேண்டும். அந்த ஏழு மாதமும் சம்பந்தி வாராவாரம் வீட்டுக்கு வந்தார். அருகருகே உட்கார்ந்து சாப்பிட்டோம். ஒருமுறை என் ரத்தத்தையும் எடுத்துச் சோதித்தார். “உங்களுக்கு ஒண்ணும் இல்லை சம்பந்தி, நூறு வயசு இருப்பீங்க” என்றார்.

இலைகள் பழுத்தன. முதல் கிளுவை வாத்துக் கூட்டம் வந்து இறங்கியது என்று பஸ் கண்டக்டர் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனார். அந்த வாரம் புதன்கிழமை மதியம், கரையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, தட்டைப் படகில் மேடைக்குக் கீழே போனேன். அறுபது வருடம் மரத்தோடு பழகியவன், எனக்கு அவசரம் தேவைப்படவில்லை. முனையில் உள்ள மூன்று பலகைகளைத் தாங்கும் குறுக்குச்சட்டங்கள் இரண்டு. இரண்டையும் கீழிருந்து முக்கால் வாசி அறுத்தேன். நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஒரு கொக்கு வந்து உட்கார்ந்தால் தாங்கும், மனிதன் நின்றால் தாங்காது. அந்த அளவுக்கு நிறுத்தினேன். அளவு தப்பவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் போனேன். சாக்பீஸ் கோடு போட வேண்டும், ஆனால் நான் அங்கே நிற்க முடியாதல்லவா. பின்னால் உறுதியான பலகையில் மண்டியிட்டு, என் பூட்ஸைக் கழற்றி, கையை நீட்டி அந்த முனைப் பலகை மேல் வைத்தேன். அதைச் சுற்றிக் கோடு போட்டேன். இடது பாதம், வலது பாதம். பிறகு பூட்ஸை எடுத்துப் போட்டுக்கொண்டு, அவருக்குப் போன் செய்தேன்.

“கருநாரை” என்றேன்.

அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. பிறகு, “அசையாம இருங்க, வந்துட்டேன்” என்றார். முப்பது வருடம் முடிவு சொன்ன குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அன்றுதான் முதல் முறையாகக் கேட்டேன்.

பதினைந்து நிமிடத்தில் வந்தார். சட்டைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். காலில் தொடைவரை வரும் ரப்பர் பூட்ஸ். அவருக்கு நீச்சல் தெரியாது என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். என் மகன் கல்யாணத்துக்குப் பிறகு கடற்கரைக்குப் போனபோது கணுக்கால் தண்ணீருக்கு மேல் அவர் இறங்கவில்லை. பாதையில் கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். பிறகு விதிப்படி நான் நாற்பது அடி பின்னால் நின்று, முதுகைத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பத்து.

அவருடைய காலடிச் சத்தம் பலகை பலகையாக விலகிப் போனது. நின்றது. கோட்டுக்குள் பாதத்தைச் சரியாக வைக்கிறார் என்று புரிந்தது. அவர் எதையும் சரியாகச் செய்கிற மனிதர்.

சட்டம் முறிகிற சத்தம் பெரிதாக இல்லை. காய்ந்த தேக்கு சுத்தமாக முறியும். பிறகு தண்ணீர். பிறகு “சம்பந்தி” என்று மூன்று முறை கூப்பிட்டார். மூன்றாவது முறை பாதியில் நின்றது.

நான் திரும்பவில்லை. பத்து நிமிடம் முடியும் வரை முதல் ஆள் திரும்பக் கூடாது என்பது விதி. எந்தக் காரணத்துக்காகத் திரும்பலாம் என்று அப்பா எழுதி வைக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த பக்கம், நாணலுக்கு மேலே, கிளுவைகள் தாழப் பறந்து போயின. நாற்பத்திமூன்று எண்ணினேன். அன்று மாலை அதைப் புத்தகத்தில் ஏற்றினேன், தனிச் சாட்சி என்று.

ஏழு இருபதுக்குத் திரும்பிப் பார்த்தேன். தண்ணீர் அடங்கியிருந்தது. அதற்குப் பிறகு ஓடிப்போய் ஆட்களைக் கூட்டி வந்தேன். உண்மையாகவே ஓடினேன். என் வயதுக்கு அது அதிகம் என்று பல் டாக்டர் என்னை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். சங்கத்து ஆட்கள் அன்று என்னிடம் பேசியதைப்போல அதற்கு முன் மரியாதையாகப் பேசியதில்லை. பேக்கரிக்காரர் அழுதார். அவர் அழுததை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

மருமகள் என் தோளில் சாய்ந்து அழுதாள். “மாமா, நீங்க பக்கத்துல இருந்தீங்கங்கறதுதான் ஒரே ஆறுதல்” என்றாள். நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. அன்று கூட்டத்துக்கு அவள் வரவில்லை, அவள் சிரிக்கவில்லை.

பிறகு ஏன் இன்று வந்தேன் என்று உங்கள் முகம் கேட்கிறது. நேற்று உங்கள் அறிக்கையின் நகல் வீட்டுக்கு வந்தது. மகன் சத்தமாகப் படித்தான். ‘மேடையின் மரம் காலப்போக்கில் உளுத்துப்போயிருந்ததே விபத்துக்குக் காரணம்.’ நான் மறுபடியும் படிக்கச் சொன்னேன். உளுத்து என்றுதான் இருந்தது.

அது எங்கள் கடை மரம். என் அப்பா ஒவ்வொரு பலகையாகக் கையால் தட்டிப் பார்த்துப் பொறுக்கியது. ஐம்பது வருடம் தண்ணீரிலும் வெயிலிலும் நின்று ஓர் இழை பிசகாத மரம். நான் ரம்பத்தை வைத்தபோது உள்ளேயிருந்து புதுத் தேக்கின் வாசனை வந்தது; தூள் பொன்னிறமாகக் கொட்டியது. உங்கள் ஆள் மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார். கீழே படகில் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், ரம்பத்தின் பல் தடம் தெரியும். நான்கு போல்ட்டுகளும் என் மேஜையின் இடது இழுப்பறையில் இருக்கின்றன. உளுத்தது என்ற சொல்லை எடுத்துவிட்டு, அறுக்கப்பட்டது என்று எழுதுங்கள். அதற்காகத்தான் வந்தேன். அதற்கு என்ன தண்டனையோ அதை நான் கேள்வி கேட்க மாட்டேன்.

கடைசியாக அவர் என்ன பேசினார் என்று கேட்கிறீர்கள். மருமகளும் இதையேதான் கேட்டாள். ‘பறவை தெரியுது சம்பந்தி, ரொம்ப அழகா இருக்கு’ என்று சொன்னதாக அவளிடம் சொன்னேன். பெண் மனம் ஆறட்டும் என்று சொன்னது.

அவர் உண்மையில் பேசியது வேறு. பாதையில் சேர்ந்து நடந்தோம் என்றேனே, நடுவில் அவர் நின்றார். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினார்.

“சம்பந்தி, பறவையைப் பார்க்கறதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடறேன். ஏழு மாசமா யோசிச்சேன். உங்க அப்பா சொன்னது ஒவ்வொண்ணும் கருநாரைதான். முதுகு, வயிறு, அலகு, கால், எல்லாம் சரி. அந்தக் கழுத்து வரி மட்டும்தான் இடிக்குது. அது அவர் எழுதினதில்லை. சாட்சி இடத்துல உங்க எழுத்துல இருக்கு. அவர் பார்த்திருக்கார், நீங்க பார்க்கலை. சரியா? பத்தொம்பது வயசு. அப்பா கையெழுத்துப் போடுன்னா நானும் போட்டிருப்பேன். ‘நான் பார்க்கலை’ன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. அந்தச் சிவப்புக் கோட்டை நானே எடுத்துடறேன். தனிச் சாட்சின்னு உங்க அப்பா பேரு புத்தகத்துல நிக்கும். கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நானே சொல்றேன், தப்பு என்னோடதுன்னு.”

“நேரமாகிறது, பறவை போய்விடும்” என்றேன்.

“ஆமா, ஆமா” என்று சிரித்தபடி முன்னால் நடந்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அபூர்வம்.

அவர் ஊகித்தது சரிதான். அன்று அப்பா கூப்பிட்ட குரல் கேட்டு நான் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது வானம் காலியாக இருந்தது. அப்பா கை காட்டிய இடத்தில் மேகம்தான் இருந்தது. ஆனாலும் கையெழுத்துப் போடச் சொல்லிப் புத்தகத்தை நீட்டினார். ஏதாவது ஒரு வரி கூடுதலாக எழுதினால் நேரில் பார்த்த மாதிரி இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. கழுத்தை எழுதினேன்.

இதை மட்டும் சேர்க்க வேண்டாம். அறுத்ததை எழுதுங்கள், போல்ட்டை எழுதுங்கள், திரும்பாமல் நின்றதை எழுதுங்கள், கொலை என்றே எழுதுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் நான் பார்க்கவில்லை என்று வெளியே தெரிந்தால், அப்பாவின் மானம் என்ன ஆவது?